பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு வாரம்

பிப்ரவரி 28, வெள்ளி

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் பதினான்கு கட்டளைகள். பதினோராவது, "அதிகம் பேச வேண்டாம்." இவர் அதை உரக்கப் படித்துவிட்டு, "உனக்கு இதுல என்ன கஷ்டம்? இருபத்து மூணு வருஷமா கடைப்பிடிக்கிறதுதானே" என்றார். சிரிக்கக் கூடாது என்று தாளில் எங்கும் இல்லை. ஆனால் முடியவில்லை. என் கீழுதடு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

முன்னால் துருத்திக்கொண்டிருந்த கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் அறுத்து, ஏழு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் குட்டி ரப்பர் வளையங்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்களே, அதற்கு ஆஸ்பத்திரியில் பில் போடுகிறார்கள்.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இந்த வயசுல எதுக்கு? நாற்பத்தொன்பதில் அழகு தேடுகிறாள் என்று எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பேசியிருப்பார்கள். ஒரு துண்டு ரொட்டியை முன்பல்லால் கடிக்க முடியாமல் பிய்த்துத் தின்ற கதையையும், காதோரம் தாடைமூட்டு தினமும் காலையில் கதவுக்கீல் மாதிரி கிறீச்சிட்ட கதையையும் யாரிடம் சொல்ல? நான் சொல்கிற ரகம் இல்லை.

அப்பாவிடம் அறுவை செய்துகொள்ளப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இது அவர் தாடை. அச்சு மாறாமல் எனக்கு வந்தது. கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அந்தத் தாடையால எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

உனக்கு என்று கேட்கவில்லை. எனக்கு என்றார்.

மார்ச் 1, சனி

இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். எனக்கு சிரிஞ்சில் பால் கொடுப்பதும் அந்தப் பாணியில்தான். "மெதுவா... மெதுவா... கிளட்ச்சை விடு... இப்ப விழுங்கு. சபாஷ்." மாணவர்களிடம் இவ்வளவு பொறுமை காட்டியிருந்தால் முன்பக்க பம்பர் தப்பியிருக்கும்.

மத்தியானம் பனிக்கட்டிப் பையைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடந்தேன். இவர் ஒரு கையில் போனும் மறுகையில் ஆரஞ்சு ஜூஸுமாக வந்து நின்று, இரண்டையும் என் பக்கம் நீட்டி ஏதோ கேட்டார். ஆரஞ்சை நினைத்தாலே தையல் எரிந்தது. பேச்சுக்குப் பதிலாக வைத்திருக்கும் எழுதுபலகையில் "இருக்கட்டும்" என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு, போனில் யார் என்று எழுதிக் கேட்டேன்.

"மாமாதான்."

அப்பா என்ன சொன்னார்?

"விசாரிச்சார்."

வேறு?

"வேற ஒண்ணும் இல்லையே."

மார்ச் 3, திங்கள்

கண்ணாடி பார்த்தேன். எனக்குப் பதிலாக வேறு யாரோ வீங்கியிருக்கிறாள். விடுதியிலிருந்து மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, நீ முகத்துக்குள்ள எதையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?" என்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

அப்பா வரவில்லை.

"வயசானவர். ஒன்றரை மணி நேரம் பஸ்ல வரணும்ல. அலைய விடாததே நல்லது" என்கிறார் இவர். போன மாதம் குடைக்கம்பி வாங்க இரண்டு பஸ் மாறிப் போய்வந்தவர் அப்பா. எழுபத்தெட்டு வயது என்பது அவருக்கு வேண்டும்போது மட்டும் வருகிற வயது.

கோபம் என்பது என் ஊகம்தான். ஆதாரம் இல்லை. ஆனால் அப்பா போட்டோ ஸ்டுடியோவில் முப்பத்தெட்டு வருஷம் நெகட்டிவில் பென்சிலால் முகம் திருத்தியவர். எத்தனை பேருடைய மருவை அழித்திருப்பார், எத்தனை இரட்டைத் தாடையை ஒற்றையாக்கியிருப்பார்! எங்கள் குடும்பப் படங்களில் மட்டும் அந்தப் பென்சில் பட்டதில்லை. அம்மா கெஞ்சியும் மாட்டேன் என்றவர். "நம்ம முகத்துக்கு என்ன?" என்பார்.

அந்த முகத்தைத்தான் நான் அறுக்கக் கொடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

சூப். உலகத்துக் காய்கறி எல்லாம் அரைத்தபின் ஒரே நிறம்.

மார்ச் 13, வியாழன்

பரிசோதனைக்குப் போனோம். அறுவை மருத்துவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஊசிமுனையால் உதட்டைத் தொட்டுத் தொட்டு, "இங்க தெரியுதா? இங்க?" என்றார். ஒன்றும் தெரியவில்லை. மரப்பு போக மாதங்கள் ஆகலாமாம். கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடலாமாம். இதை அவர் சொல்லும் விதத்தில், மிச்ச மாவைப் பிரிட்ஜில் வைப்பது போன்ற ஒரு சாதாரணம்.

"பேச்சு பழையபடி வந்துடுமா டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

"வந்துடும் சார். கவலைப்படாதீங்க."

"கவலை இல்ல டாக்டர். அவசரமும் இல்ல."

நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் பலகையை எடுத்து எழுதியதை இங்கே எழுத மாட்டேன்.

கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்றார்கள். உதடு ஒட்ட வேண்டிய எழுத்தெல்லாம் கைவிடுகிறது. ப வரவில்லை, ம வரவில்லை. "அப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "அஃஃஃபா" என்று காற்றுதான் போனது.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "நான் உங்கள் முகத்தைக் கழற்றி எறிந்துவிடவில்லை" என்று முதல் வரி. படித்துப் பார்த்தேன். மேடை நாடகத்துக்கு ஆகும். கிழித்தேன்.

மார்ச் 19, புதன்

பரிசோதனைக்கூடத்திலிருந்து மூத்த உதவியாளர் வந்தாள். குளோரின் என்று நாங்கள் வைத்த பெயர். அவள் நுழைந்தால் எதுவும் உயிரோடு இருக்காது. ஆறு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "வாய்ப்பூட்டுக்குத் திறப்பு விழா எப்போம்மா?" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கே. ஆனா முன்னாடி பாத்தா ஒங்கப்பா மாதிரியே இருப்பே. இப்ப..." தலையைச் சாய்த்து யோசித்தாள். "இப்ப யார் மாதிரியும் இல்ல."

குற்றம் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து ஒப்பிடுவதுதானே எங்கள் வேலை.

வாழைப்பழத்தை மசித்துச் சாப்பிட்டேன். முதல் திட உணவு என்று இவர் கைதட்டினார்.

மார்ச் 25, செவ்வாய்

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பாவிடமிருந்து நான்கு தடவை போன் வந்திருக்கிறது. நான்கு தடவையும் இவரிடம் "எப்படி இருக்கா?" மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். காது மந்தம் என்பதால் கேள்வியைச் சுருக்கிக்கொண்டாரா? அன்பைச் சுருக்கிக்கொண்டாரா?

"நான் வேணா கேக்கட்டுமா, மாமா உங்க பொண்ணு மேல கோபமான்னு?" என்றார் இவர்.

வேண்டாம் என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா?

"அப்பனும் மகளும் ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவங்க இல்ல. அந்த டாக்டர் தாடையைத்தான் பின்னால தள்ளினார். பிடிவாதத்தை இருந்த எடத்துலேயே விட்டுட்டார்."

மார்ச் 30, ஞாயிறு

ரப்பர் இனி இரவில் மட்டும். வாய் பதினெட்டு மில்லிமீட்டர் திறக்கிறது. ஸ்கேலால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன்.

இவர் வகுப்புக்குப் போயிருந்தார். போனை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். ஐம்பதை நெருங்குகிறவள், அப்பாவுக்குப் போன் பண்ண ஒத்திகை பார்க்கிறேன்!

ஆறு தடவை மணி அடித்தபின் எடுத்தார்.

"அஃஃபா."

"யாரு?"

"நாந்தான், அஃஃபா."

"யாருங்க? என்ன வேணும்? சத்தமா பேசுங்க."

"அஃஃபா, நான்..."

"ராங் நம்பர்ங்க." வைத்துவிட்டார்.

காது கேட்கவில்லை, அவ்வளவுதான். என் பேச்சு யாருக்குமே புரியாது. எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? முகமும் போச்சு, குரலும் போச்சு, இனி எதை வச்சு என்னை அவருக்கு அடையாளம் தெரியும்? இன்னொரு தடவை போட்டிருக்கலாம். போடலை. ஏன் போடலை? ராங் நம்பர்னு இன்னொரு தடவை கேட்க வேண்டாம்னுதான்.

அழுதால் மூக்கு அடைத்துக்கொள்கிறது. பதினான்கு கட்டளையில் இதையும் சேர்த்திருக்கலாம்.

மார்ச் 31, திங்கள்

காலை ஏழரைக்கு அழைப்பு மணி. இவர் கையில் தேநீரோடு போய்த் திறந்தார். அப்பா. தோளில் துணிப்பை, முகத்தில் மூன்று நாள் தாடி, அதற்குக் கீழே அந்தத் தாடை.

என்னைப் பார்த்து, "இந்தத் தடவை கேக்கல. வந்துட்டேன்" என்றார்.

என்ன கேட்கவில்லை என்று பலகையில் எழுதினேன். கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தார்.

"வரட்டுமான்னு. முதல்ல போன் பண்ணினப்போ கேட்டேனே. நீ இருக்கட்டும்னுட்டேன்னு மாப்பிள்ளை சொன்னார்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தேநீரைப் பார்த்தார்.

"நீதானே எழுதிக் காட்டினே! இவ்ளோ பெருசா! மாமா வரட்டுமான்னு கேக்கறார்னு போனை நீட்டினேன்ல?"

அது ஜூஸுக்கு, என்று எழுதினேன்.

"ரெண்டையும்தான் நீட்டினேன்!"

ஆயிரம் பேருக்குச் சிக்னல் சொல்லிக் கொடுத்தவர். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஜூஸுக்கோ எனக்கோ, ஒரே பதில்தானே வந்திருக்கும்?"

இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்தேன்.

"வீடு மாத்தினப்போ ஒத்தாசைக்கு வரட்டுமான்னேன். இருக்கட்டும்னே. பேத்தி பொறந்தப்போ கேட்டேன். இருக்கட்டும்பா, சமாளிச்சுக்கறேன்னே. உங்கம்மா போனப்புறம், ஒரு மாசம் இங்க வந்து தங்கட்டுமான்னேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம், இருக்கட்டும்னே. அதான் இந்தத் தடவையும் நம்பிட்டேன். உன் வார்த்தைதானேன்னு."

எனக்கு நினைவிருக்கிறது. அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து யாரோ போன்ல அஃஃபா அஃஃபான்னாங்க. ராங் நம்பர்னு வச்சுட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது. என்னை அப்படிக் கூப்பிட உலகத்துல ஒரே ஆள்தானே இருக்கு. முதல் பஸ்ஸைப் பிடிச்சேன்."

கோபமா என்று எழுதினேன். தாடைக்காக, என்று கீழே சேர்த்தேன்.

"எனக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னு கேட்டேன்ல? கேட்டுட்டுப் போய்க் கண்ணாடியில பாத்தேன். கொஞ்சம் குறைதான்." பிறகு, "ஜன்னல் பக்கம் திரும்பு" என்றார்.

திரும்பினேன். இடமாக, வலமாக, நேராக. முகவாயைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தார். தொடுகை தெரியவில்லை. விரல் மட்டும் கண்ணில் பட்டது.

"இடது பக்கம் ஒரு நூல் வீக்கம் இருக்கு. வடிஞ்சுரும். வேலை சுத்தம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொட்டியைப் பிச்சுப் பிச்சுத் தின்னுட்டு இருந்தியாமே. மாப்பிள்ளை போன்ல சொன்னார். ஊரார் முகத்தை எல்லாம் உத்துப் பாத்தவன், எதிர்ல உக்காந்து தின்னவளைப் பாக்கலை."

ஏப்ரல் 1, செவ்வாய்

அப்பாவும் இவரும் சேர்ந்து சமைத்தார்கள். மிக்ஸியின் மூடியைச் சரியாகப் போடவில்லை. முட்டாள்கள் தினம் என்பதால் மன்னித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் அப்பா குளித்து, சட்டை போட்டு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"போகட்டுமா? உனக்கும் ஓய்வு வேணும்."

பலகை சமையலறையில் இருந்தது. எடுக்கப் போனால் அவர் செருப்பு மாட்டிவிடுவார்.

"இருங்க" என்றேன்.

தெளிவாக வந்தது. எனக்கே திகைப்பு. பிறகு யோசித்துப் பார்த்தேன். "இருக்கட்டும்" என்று முடிக்க உதடு மூட வேண்டும். "இருங்க" என்பதில் உதடு ஒட்டுகிற எழுத்தே இல்லை. இத்தனை வருஷம் கஷ்டமானதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பா காதைக் கையால் குவித்து, "என்ன?" என்றார். கேட்டிருக்கும். இன்னொரு தடவை வேண்டியிருந்தது அவருக்கு.

"இருங்க."

பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

வாய் இருபத்தாறு மில்லிமீட்டர். அவித்த முட்டை, மசிக்காமல். அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம்.

அப்பா இன்று சுத்தியல் கேட்டார். சின்ன அறைச் சுவரில் சட்டை மாட்ட ஓர் ஆணி வேண்டுமாம், நாற்காலி முதுகில் போட்டால் கசங்குகிறதாம். கதவோரம் அடிக்கலாம் என்றார் அவர். கதவு திறந்தால் இடிக்கும், ஜன்னலோரம் அடியுங்கள் என்றேன் நான். ஜன்னலோரம் வெயில் பட்டு வெளுத்துப் போகும் என்றார். உங்கள் சட்டை ஏற்கெனவே வெளுத்ததுதான் என்றேன். அரைமணி நேரம் போனது. ப, ம எதுவும் சரியாக விழவில்லை. அவருக்குப் பாதி கேட்கவில்லை. சண்டை மட்டும் நன்றாகவே நடந்தது. இவர் நடுவில் வந்து நின்று, "டாக்டர்கிட்ட அவசரமில்லைன்னு தெளிவாத்தானே சொன்னேன்" என்று முனகிக்கொண்டே ஆணிப்பெட்டியைத் தேடினார்.

கடைசியில் இரண்டு இடத்திலும் அடித்தாயிற்று.