நீயும் தபாலில்தான் படித்தாய், சவரி

அன்புள்ள சவரிமுத்துவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம். அடிக்கவும் மனம் வரவில்லை, இருக்கட்டும்.

உன் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம். "அவரோட பழைய சிநேகிதர் நீங்கதானே, நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். நாம் எங்கே பழகினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நீ பாலக்கரையில் பள்ளி ஆசிரியர், நான் தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா. கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸில், அதாவது தபால் வழியில், அப்ளைடு சைக்காலஜி என்ற மனோதத்துவப் படிப்பில் இருவரும் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், சிறுபிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பாடக் கட்டுகளில் பாதி, தேர்வு முடிந்த பிறகுதான் தபாலில் வரும்.

நமக்குச் சோதனைக்கூடம் ஏது? சோதித்துப் பார்க்க ஆள் ஏது? நீ எனக்கு, நான் உனக்கு. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் சோதனையை உன் வீட்டில், உன் சவரக் கண்ணாடியை வைத்துத்தான் செய்தோம். காபி கொண்டுவந்த உன் மனைவி ரீட்டா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"புள்ளைகுட்டி பெத்தப்புறம் நட்சத்திரம் போடப் படிக்கிறீங்களாக்கும்! அதுவும் கோணலா."

"கோணலுக்குத்தாண்டி மார்க்கு" என்றாய்.

இருவரும் தேறினோம். பட்டத்தில் தபால் என்ற சொல்லே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் நல அதிகாரி வேலை காலி என்று உனக்குச் சொன்னதே நான்தான். அப்போது வெளியாட்களைத்தான் எடுத்தார்கள். நீ மெட்ராஸில் கல்லூரிக்குப் போய்ப் படித்தவன் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நீ மறுக்கவில்லை. நானும் சிநேகிதத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு உனக்குக் கீழே உதவியாளர் பதவி ஒன்று உண்டானது. உள்ளே இருப்பவர்களும் கேட்கலாம் என்றார்கள், நான் கேட்டேன். நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் நீ, மேலாளர் பக்கத்தில். மேலாளர்தான் கேட்டார்.

"ஏன்யா, வருஷக்கணக்கா ஸ்டோர்ல நட்டும் போல்ட்டும் எடுத்துக் குடுத்துக்கிட்டிருக்கே. எப்பய்யா காலேஜுக்குப் போனே?"

"தபால்ல படிச்சேன் சார்."

"தபால்லயா! அப்ப மனசு சரியில்லைன்னு வர்றவனுக்கு மருந்தையும் வி.பி.பி. தபால்ல அனுப்புவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், சவரி. பேசாமல் இருந்ததை மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பை எப்படி மன்னிப்பது?

அன்று சாயங்காலமே பாலக்கரைக்கு வந்து உன்னை வாசலுக்குக் கூப்பிட்டேன். "வாயைத் திறந்திருந்தா என் வேலையும் போயிருக்கும்டா சீனு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கடா" என்றாய். "சிரிக்காம இருந்திருந்தா எந்த வேலைடா போயிருக்கும்?" என்றேன். நீ உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவே இல்லை. மனிதன் எதை ஏன் மறைக்கிறான் என்று ஒரு பாடம் முழுக்கப் படித்தோமே, நீ எனக்கு வாசித்துக் காட்டினாயே, அது தேர்வுக்கு மட்டும்தானா?

உன் இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அதே மேலாளர். "முறையா காலேஜ்ல படிச்ச படிப்பு. அதான் ஆளைப் பார்த்ததுமே மனசைப் படிச்சிடுவாரு" என்றார். உன்னால் குடியை விட்டவர்கள், உன்னால் வீடு திரும்பியவர்கள், எல்லாரும் நின்று அழுதார்கள். அந்த அழுகையில் பொய்யில்லை. என் ஆத்திரமே அதுதான். தபாலில் படித்தவனாலும் இதெல்லாம் முடியும் என்பதற்கு எங்கள் தொழிற்சாலையில் இருந்த ஒரே சாட்சி நீ. அந்தச் சாட்சியை நீயே மறைத்துவைத்தாய்.

இப்போதைய செய்தி கேள். உன் நாற்காலி காலி. டைப்பிஸ்ட் விஜயா, உனக்குத் தெரியும், அவளும் நாம் படித்ததையே தபாலில் படித்துத் தேறியிருக்கிறாள். அடுத்த வாரம் நேர்காணல். "சார், கரஸ்பாண்டன்ஸ்ல படிச்சவங்க யாராச்சும் இந்த வேலையைப் பார்த்திருக்காங்களா? கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. முதலில் ரீட்டாவிடம் சொல்ல வேண்டும் என்று பாலக்கரைக்குப் போனேன்.

"வேணாம்ணே. செத்தவரு பேரைக் கெடுக்காதீங்க."

"தபால்ல படிச்சது கேவலமாம்மா?"

"நான் அதைச் சொல்லலைண்ணே. உங்களுக்கு இன்னும் அவரு மேல கோபம் போகலை."

"போகலைம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? ஆனால் கோபக்காரன் சொன்னால் உண்மை உண்மையில்லாமல் போய்விடுமா?

மலரில் இந்தப் பக்கத்தைப் போடுவார்களோ, கிழித்தெறிவார்களோ, தெரியாது. விஜயாவிடம் சொல்லிவிட்டேன். மேலாளர் கேட்டால் உன் பெயரைத்தான் சொல்லப் போகிறாள். நான் அந்த அறை வாசலில் நிற்பேன். பொய் என்று யாராவது சொன்னால் உள்ளே போய், சவரிமுத்துவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம் என்பேன். இன்னொருத்தியைப் பார்த்து அந்த மேசை சிரிக்க விடமாட்டேன், சவரி. இது சத்தியம்.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் பெண்களுக்கு என்றும் மாமனான
சீனிவாசன்,
ஸ்ரீரங்கம்.