வண்டி இன்னும் அப்பா பெயரில்

கோச்சபம்பா,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அராசெலி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த இருமல் உன்னை விட்டுப் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் தெல்மிரா அத்தையும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம், அதனால் நலம் என்றுதான் எழுத வேண்டும். எதிர்வீட்டு வில்மாவின் மகள் வியாழக்கிழமை மாட்ரிட் வருகிறாள். அவளிடம் காய்ந்த உருளைக்கிழங்கு ஒரு பை, மிளகாய்ப் பொடி, அத்தை பின்னிய சாக்ஸ், இந்தக் கடிதம், கூடவே ஒரு பழுப்பு உறை கொடுத்து அனுப்புகிறேன். உறையை இப்போதே பிரிக்காதே, கடிதத்தை முடித்துவிட்டுப் பிரி. உருளைக்கிழங்கை இரவே தண்ணீரில் போடு, போன தடவை மாதிரி அப்படியே குக்கரில் போட்டுவிட்டுக் கல் மாதிரி இருக்கிறது என்று எனக்குப் போன் பண்ணாதே.

கார்னவல் செவ்வாய் அன்று மண்தாய்க்குப் படைக்கும் சால்யாவைச் செய்தோம். எனக்குச் செய்ய வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. ஒவ்வொரு வருஷமும் உன் அப்பா செய்வார், அத்தை காகிதச் சுருள்களை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள், செய்தோம். வீட்டு வாசலுக்கு, என் மேஜைக்கு, கடைசியில் வண்டிக்கு. நான்கு சக்கரத்துக்கும் கொஞ்சம் பீர் ஊற்றி, பானட்டில் பூ தூவி, கண்ணாடியில் வண்ணச் சுருள்களைச் சுற்றி, மண்தாய்க்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டு, தெருவில் வழக்கமான இடத்தில், மொய்யே மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் முன்கண்ணாடி நொறுங்கி உள்ளே விழுந்திருந்தது. இரண்டு பக்கக் கதவுகளிலும் ஆணியால் தலையிலிருந்து வால் வரை கோடு. பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று வயரில் தொங்கியது, டிரைவர் சீட்டைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். எதையும் திருடவில்லை, அப்பாவின் பழைய தொப்பி கூடப் பின்சீட்டில் அப்படியே இருந்தது. குடித்துவிட்டுத் தெருவில் அலைந்த யாரோ செய்தது, யார் என்று கடைசி வரை தெரியவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகையோ கோபமோ வரவில்லை. போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன், உள்ளே போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்துத் தீர்ந்து பாத்திரம் கருகிய வாசனை வந்தபோதுதான் அடுப்பை அணைத்தேன்.

செய்ய வேண்டியதை அப்போதே செய்திருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. அத்தை கோயிலிலிருந்து சாம்பல் புதன் சிலுவையை நெற்றியில் வாங்கிக்கொண்டு நேராக வந்தவள் வண்டியைப் பார்த்தாள். "ஏ நில்தா, யாரோ வயிறெரிஞ்சவன் வேலைடி இது! சால்யா பண்ணின ஈரம் காயல, அதுக்குள்ள கண்ணு போட்டுட்டான். நீ என்ன கல்லு மாதிரி நிக்கிறே?" என்று கத்தினாள். என்ன செய்ய வேண்டும் அண்ணி என்று கேட்டேன், நான் கேட்டதே தப்பு. அவள் கண்ணாடித் துண்டுகளை ஒன்று விடாமல் பெருக்கி எடுத்து மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். கோடு விழுந்த இடமெல்லாம் துணியால் துடைத்தாள். பிறகு மூலிகை போட்டுப் புகை காட்டி, மறுபடி பீர் ஊற்றி, கெட்டது ஓடட்டும் என்று ஒரு சரவெடியைப் பானட் மேலேயே கொளுத்திப் போட்டாள். வெடி தீர்ந்து பார்த்தால் பானட் நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்துக் கறுத்திருந்தது. அத்தை அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "இதையும் அவனுங்கதான் பண்ணினானுங்கன்னு சொல்லிடு" என்றாள்.

நீயும் இப்போது அங்கே ஒரு பழைய கார் வாங்கித் தெருவில்தான் நிறுத்துகிறாய் என்பதால் இதை உனக்கு விவரமாக எழுதுகிறேன், சலிக்காமல் படி. எல்லாரும் கட்டாயமாகப் போடும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் நீ பிறருக்குச் செய்யும் சேதத்துக்குத்தான், நிறுத்தி வைத்த உன் வண்டியை எவனாவது கீறிவிட்டுப் போனால் அது ஒரு காசு தராது. திருட்டுக்கும் தீவிபத்துக்கும் போட்டிருக்கிறேன் என்று நம்பி இருக்காதே, வேண்டுமென்றே செய்த சேதம் என்ற வார்த்தை உன் பாலிசியில் தனியாக இருக்கிறதா என்று பார். அப்பா போட்டிருந்ததில் அது இருந்தது, அவர் அப்படித்தான், எதையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அப்படி ஏதாவது நடந்தால் தொடாதே, பெருக்காதே, ஓட்டாதே. முதலில் எல்லாப் பக்கமும் படம் எடு, பிறகு போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்கு, அன்றைக்கே இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிடு. செலவில் ஒரு பங்கு எப்படியும் உன் தலையில்தான் விழும். வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகும் பை, போன், கோட் எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை. அதோடு அடுத்த வருஷம் உனக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும், அதனால் சின்னக் கீறல் என்றால் பேசாமல் விட்டுவிடு.

நான் போலீஸுக்குப் போனது மதியத்துக்கு மேல். மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்தார், சோலிஸ் என்று பெயர், அவர் வந்த காரின் கண்ணாடியிலும் நம்மைப் போலவே காகிதச் சுருள் தொங்கியது. நம் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், பானட்டில் விரல் வைத்து முகர்ந்தார். "டீச்சர், ரவுடிப் பசங்க கண்ணாடிய ஒடைச்சிட்டு, பீர் ஊத்தி, பூப் போட்டு, சாம்பிராணியும் காட்டிட்டா போனாங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை, "இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தாங்க, எதுலயும் ஒரு ஒழுங்கே கெடையாது" என்றாள். உடைந்த கண்ணாடி எங்கே, அதில் நம்பர் பொறித்திருக்குமே, அதைப் பார்த்தால்தான் இந்த வண்டிக் கண்ணாடி என்று எழுத முடியும் என்றார். பிறகு அந்த மனிதர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடியில் குந்தி உட்கார்ந்து குச்சியால் தோண்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு, "பொதைச்சதத் தோண்டாதய்யா, அந்தப் பொறாமை ஒன் வீட்டுக்குத்தான் வரும்" என்றாள். "வரட்டும்மா, என் வீட்ல ஏற்கெனவே மாமியா இருக்காங்க" என்றார் அவர். நம்பர் பொறித்த துண்டு கிடைத்தது. யாராவது வேண்டாதவர்கள் உண்டா, வீட்டு ஆட்களே செய்திருந்தால் கம்பெனி தராது, அதனால் கேட்கிறேன் என்றார். நான் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன், பெயிலானவர்கள் எல்லாரும் வேண்டாதவர்கள்தான் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், முகம் அசைந்த மாதிரி இருந்தது.

பானட்டைப் பற்றி நேராகக் கேட்டார். பொய் சொல்லக்கூடாது என்ற பெரிய எண்ணமெல்லாம் எனக்கு இல்லை, பொய்யைக் கோத்து நினைவில் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை, அவ்வளவுதான். அது நாங்கள் வெடித்தது என்றேன். அத்தை என் முதுகில் கிள்ளினாள். பெருக்குவதற்கு முன்னால் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா, இல்லாவிட்டால் எது அவர்கள் செய்தது, எது நீங்கள் செய்தது என்று கம்பெனி கேட்கும், மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள் என்றார். இன்சூரன்ஸ் தராவிட்டால் வண்டி உதிரி பாகக் கடைக்குத்தான் போகும், என் சம்பளத்தில் அதைச் சரி பண்ண முடியாது என்று உனக்குத் தெரியும். விற்றுவிடாதே அம்மா என்று நீ டிசம்பரில் போனில் அழுததை நான் மறக்கவில்லை. ஒரு படம் இருக்கிறது என்று சொல்லிப் போனை எடுத்துக் கொடுத்தேன். படம் அப்பாவின் நம்பரில் இருந்தது. அன்று காலையில் எடுத்த உடனே நான் அதை அவருக்கு அனுப்பியிருக்கிறேன், கீழே "இதைப் பாருங்க" என்றும் எழுதியிருக்கிறேன். சர்வேயர் பெரிதாக்கிப் பார்த்தார். பானட் சுத்தமாக இருந்தது, பூ மட்டும் கிடந்தது, கண்ணாடியும் கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன, தேதியும் நேரமும் இருந்தன. "அருமை, இது போதும். ஃப்ரொய்லான் சாருக்கு அனுப்பியிருக்கீங்க, பாலிசி அவர் பேர்லதான் இருக்கு. அவர் கையெழுத்து வேணும், எங்க இருக்காரு, வேலைக்குப் போயிருக்காரா?" என்று கேட்டார்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் உன் அத்தை அப்போது காலில் இருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இறந்துவிட்டார் என்று நான் சொன்னேன். ஆகஸ்டிலிருந்து அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை அராசெலி, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரே எல்லாரிடமும் சொல்லிவிட்டார், உனக்கு அத்தைதான் சொன்னாள், நான் போனைக் கையில் வாங்கவே இல்லை. நீ தங்கும் அனுமதிப் பேப்பர் கிடைக்காததால் ஊருக்கு வர முடியாமல் அங்கே மாட்டிக்கொண்டு அழுதது அத்தையின் காது வழியாகத்தான் எனக்குக் கேட்டது. இப்போது மண் ஒட்டிய கண்ணாடித் துண்டோடு நின்ற ஒரு இன்சூரன்ஸ்காரரிடம் சொன்னேன். அவர் தன் தொப்பியைக் கழற்றினார். கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லையா டீச்சர் என்று மெதுவாகக் கேட்டார், யாருக்குமே தெரிவிக்கவில்லை, தவணை வரும்போது கட்டிவிடுவேன் என்றேன். அத்தைக்கு அதற்குள் மூச்சு திரும்பிவிட்டது. "எந்தம்பி கையெழுத்துதானே, நான் போடறேன், சின்ன வயசுல அவன் வீட்டுப்பாடத்துல பாதி நான்தான் எழுதினேன்" என்றாள். சர்வேயர் மரத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு எனக்குக் காது சரியா கேக்கல" என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஆள் போனதால் பாலிசி செத்துவிடாது, தவணை கட்டியிருக்கிறோம், வண்டியோடு அது வாரிசுகளுக்கு வரும், ஆனால் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். வாரிசு நாம் இருவர்தான். முன்கண்ணாடி, கதவுகள், பக்கவாட்டுக் கண்ணாடி, சீட் எல்லாம் கிடைக்கும், பானட் கிடைக்காது. அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, பானட் பெயிண்டுக்கு அவளே சீட்டுப் பணம் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் அண்ணி, அது அப்படியே இருக்கட்டும் என்றேன். வேண்டாம் என்று நானாக ஒன்றைச் சொல்லிப் பல நாள் ஆகிறது.

வண்டி இப்போது மரத்தடியில் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது, ஒர்க்ஷாப்பில் உன் கையெழுத்து வந்தால்தான் எடுப்பார்கள். பழுப்பு உறையில் இருப்பது அந்தத் தாள். நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் அதிகாரி முன்னால் அடையாள அட்டையோடு போய் நீ அதில் கையெழுத்திட வேண்டும். மேலே உன் அப்பா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் அதைப் படித்தேன், பள்ளி வருகைப் பதிவேட்டில் போடுவது மாதிரி என் இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அது எனக்கே பிடிக்கவில்லை. உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. கூட யாரையாவது, அந்த வேலையிடத்துச் சிநேகிதியையாவது அழைத்துக்கொண்டு போ.

கழுத்தில் சால்வை இல்லாமல் வெளியே போகாதே. வண்டியை விளக்குக் கம்பத்தடியில் நிறுத்து. பாலிசியை எடுத்துப் படி. மண்தாயும் ஊர்க்குப்பிண்யாக் குன்றுக் கன்னிமரியும் உன் காலடியையும் உன் சக்கரங்களையும் பார்த்துக்கொள்ளட்டும், அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே கொடுக்கிறேன், இனி அப்படித்தான். கையெழுத்திட்டதும் எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. அத்தையிடம் கொடுக்க மாட்டேன், நானே எடுக்கிறேன்.

உன் அம்மா,
நில்தா