நாற்பது நிமிட முன்னிசை

உங்கள் அண்ணன் வீட்டில் சௌக்கியமாக இருக்கும் என் பாட்டாசிரியருக்கு,

ஆல்பம் இன்று வெளியாகிவிட்டது. அத்தனையும் என் சொந்த மெட்டு, வெறும் பியானோ. காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பாலை இரண்டு முறை பொங்கவிட்டேன். வலது கையில் பாப், இடது கையில் ஜாஸ். நம் கல்யாணத்தைப் போல இரண்டும் தனித்தனியாகப் போய், எப்படியோ ஒன்றாக வந்து முடிகின்றன.

முதல் ரசிகை உங்கள் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு நாற்பது நிமிடமும் கேட்டார்.

"முன்னிசை பிரமாதம்மா. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"பாட்டு கிடையாது அத்தை. இவ்வளவுதான்."

"இதுக்கா அவன் பெட்டியைத் தூக்கிட்டுப் போனான்?"

உங்களை விட்டுக்கொடுக்காமல்தான் விளக்கினேன். இந்த மெட்டுகளுக்கு வார்த்தை வேண்டாம் என்று நான் சொன்னதை, நீங்கள் வீட்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். ஒரு சொல்லில் நாலு பொருள் காண்பது உங்கள் தொழில். அதில் குறை சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை மாலை அரங்கில் வாசிக்கிறேன். முதல் வரிசையில் தன் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடிப்பதாக அத்தை சொல்லியிருக்கிறார். அந்தக் கைப்பைக்கு ஜாஸ் பிடிக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அத்தையின் காது தப்பு சொல்லாது. இந்தக் கடிதமும் இதுவரை முன்னிசைதான். பாட்டு ஒரே ஒரு சொல்.

வாங்க.

வார்த்தை வேண்டாம் என்றவள்