நீரை வீணாக்காத நீரூற்று

3 ஜூலை 1963, தென்காசி

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் இன்னும் திருத்தி முடியவில்லை. "பசு ஒரு சாதுவான ஆசிரியை" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். மார்க் போட்டுவிட்டேன்.

எங்கள் பள்ளிச் செயலாளர் நெல்லையப்பன் அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருடைய அண்ணன் பால்வண்ணநாதன் வடக்கே ஒரு பெரிய நகரத்தில் மேயராக இருந்தவர். எந்த நகரம் என்று எழுத மாட்டேன், இந்த டைரி யார் கையிலாவது சிக்கினால் என் கதி என்ன? பதவி போனபின் வருடாவருடம் சாரல் காலத்துக்குக் குற்றாலம் பங்களாவுக்கு வந்துவிடுவார். அவரைப் பற்றி ஒரு கம்பெனி இங்கிலீஷில் டாக்குமெண்டரி எடுத்திருக்கிறதாம். 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தென்காசிக் கொட்டகையில் ஊருக்கு இலவசக் காட்சி. நோட்டீஸ் அடித்தாயிற்று. படத்தை அண்ணனும் பார்க்கவில்லை, தம்பியும் பார்க்கவில்லை.

8 ஜூலை

படப்பெட்டி வந்துவிட்டது. மேயர் ('பழைய மேயர்' என்றால் முகம் சுண்டிவிடும்) தனியாக ஓட்டிப் பார்த்தாராம். பாதியில் எழுந்து வெளியே போய் நின்றாராம். கொட்டகை ஆபரேட்டர் மசூது சொன்னார்: "புகழுதான்னு நெனச்சு உக்காந்தாவ டீச்சர். படம் பூரா ஏச்சு!"

9 ஜூலை

செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். காட்சியை நிறுத்தினால் மானம் போய்விடும். நடத்தினாலும் போய்விடும். அதனால் அண்ணனும் தம்பியும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டுவது. மேயர் தம் கைப்பட எழுதிய தமிழ் விளக்கத்தை மைக்கில் ஒருவர் வாசிப்பது.

"ஒங்களுக்குத்தான் வெண்கலக் குரலு. ஒரு எழுத்து மாறப்படாது. முடியட்டும், பெர்மனென்ட் ஆர்டர் ஒங்க கையில."

மூன்று வருடமாக டெம்பரரி. வேலை போனால் என் அண்ணன் வீடு. அண்ணன் வீடு என்றால் புளியங்குடி மளிகைக்கடைக்காரருக்கு இரண்டாம் தாரம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

10 ஜூலை

வாசித்துப் பழகுகிறேன். தண்ணீரே வராத நீரூற்று ஒன்றை நகர நடுவில் கட்டித் தம் பெயரை வைத்திருக்கிறாராம், படத்தை ஓட்டிய மசூது சொன்னார். அதற்கு மேயர் எழுதியிருப்பது: "இது நீரை வீணாக்காத நீரூற்று."

தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தேன்.

12 ஜூலை, வெள்ளி

கொட்டகையில் ஒத்திகை. செயலாளர், மசூது, நான். மேயர் குழாய் போட்டுத் தண்ணீர் கொடுத்ததும் படத்தில் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஆற்றங்கரைக் குடிசைகளை இடிக்கிறார்கள். ஒரு பெண் காமிராவைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பேசுகிறாள். மூக்குத்தி, நெற்றியில் பச்சைக் குத்து, வலது புருவத்தில் தழும்பு —

வள்ளித்தாய்! குற்றாலம் ஐந்தருவியில் சனிக்கிழமைதோறும் எனக்கு அவித்த கடலை தருகிற வள்ளித்தாய். கொத்து வேலைக்குப் புருஷனோடு அந்த நகரத்துக்குத்தான் போயிருந்தாள். குடிசை போனது, பிறகு புருஷனும் போனான், ஊர் திரும்பினாள்.

என் கையிலிருந்த தாள் என்ன சொல்கிறது? "ஏழைத் தாய் ஒருத்தி மேயரை மனமார வாழ்த்துகிறாள்."

செயலாளருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கடலைக்காரியின் முகத்தை அவர் எதற்குப் பார்க்கப் போகிறார்? நானும் வாயைத் திறக்கவில்லை.

13 ஜூலை

ஐந்தருவிக்குப் போனேன். நல்ல சாரல். நாளைக்குக் கொட்டகையில் படம், இலவசம், முன்னால் வந்து உட்கார் என்றேன்.

"எனக்கெதுக்கு டீச்சர் படமும் கிடமும்?"

"சும்மா வா. நான் மைக்கில் பேசுகிறேன்."

"நீங்க பேசுதியளா! அப்பம் வாரேன்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. கடலையை மட்டும் வாங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்துவிட்டேன். வழி முழுக்கக் கடலையைக் கொறித்தபடி யோசித்தேன். ஆர்டர் வேண்டாமா எனக்கு? வேண்டும். அந்த வரியை அவள் முன்னால் வாசிக்கவும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் எப்படி?

14 ஜூலை, ஞாயிறு

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

கொட்டகை பிதுங்கியது. மேயர் ஜரிகைத் துண்டோடு நாற்காலியில். வள்ளித்தாய் மணல் தரையில் முதல் ஆளாக. நான் ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசித்தேன். நீரூற்று வந்தபோதே பின்னால் யாரோ, "நம்ம அருவிதான் வீணா ஊத்துது, அதயும் அடைச்சிருங்க!" என்றார்கள்.

பிறகு அந்த இடம். "ஏழைத் தாய் ஒருத்தி மேயரை மனமார வாழ்த்துகிறாள்."

வள்ளித்தாய் எழுந்துவிட்டாள். "ஏ டீச்சர்! அது நான்லா! நான் எங்கன வாழ்த்துனேன்? வைதேன்!"

அப்புறம் கொட்டகையே கத்தியது: "ஏலே மசூது, சத்தத்த வைலே!"

மசூது வைத்துவிட்டார். இங்கிலீஷ்க்காரன் குரலுக்கு அடியில் அவளுடைய தென்காசித் தமிழ் கணீரென்று கேட்டது. "ஒன் வீட்ட இப்பிடிப் பிரிச்சா பொறுப்பியாலே? பேரு பேருன்னு அலையுதியே, நாளைக்கு ஒம் பேரச் சொல்ல ஒரு நாதி இருக்காது, பாத்துக்கோ!"

விசில் காதைப் பிளந்தது. மேயர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார், தம்பி பின்னாலேயே ஓடினார். திரையில் அவள் வீட்டுச் சுவர் விழுந்தது. வள்ளித்தாய் அதை நின்றபடியே பார்த்தாள். அப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. இந்தச் சுவரை நினைத்துப் பார்க்காமலா அவளைக் கூப்பிட்டேன்?

வாசலில் அவளைப் பிடித்து நிறுத்தி, கோபமா என்று கேட்டேன்.

"கோவந்தான். முன்னாலயே சொல்லப்பிடாதா? நல்ல சேல உடுத்திட்டு வந்திருப்பேம்லா!"

15 ஜூலை

செயலாளர் விளக்கத் தாளை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

"ஓர் எழுத்தும் மாறவில்லை, அண்ணாச்சி" என்றேன்.

"மாத்தியிருந்தா தேவலையே டீச்சர்! அதான வயித்தெரிச்சலு!"

டெம்பரரிக்கு நோட்டீஸ்கூட வேண்டியதில்லையாம். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

22 ஜூலை

அண்ணன் கடிதம். மளிகைக்கடைக்காரருக்கு வீடு சொந்தமாம், பல் எல்லாம் சொந்தமா என்று எழுதவில்லை. பயமாக இருக்கிறது.

2 ஆகஸ்ட்

இலஞ்சிப் பள்ளியில் தமிழாசிரியை இடம் காலி. நேர்முகத் தேர்வுக்குப் போனேன். தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்து, "கொட்டகையில மைக் புடிச்சது நீங்கதானே?" என்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "ஆமாம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை இல்லை, சிரிப்பு.

19 ஆகஸ்ட், இலஞ்சி

ஒன்பதாம் வகுப்பில் இன்று வஞ்சப் புகழ்ச்சி அணி. புகழ்வது போல இகழ்வது என்றால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். புத்தகத்து உதாரணம் எடுபடவில்லை. கரும்பலகையில் வேறொன்று எழுதினேன். மனப்பாடமாக இருந்தது, மேயர் எழுதிய விளக்கத்தில் மைக்கில் வாசிக்கவே வாய்க்காத கடைசி வரி: "கூரையை அகற்றி ஏழைக்கு வானத்தையே வழங்கிய வள்ளல்."

வகுப்பே சிரித்தது. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஒருத்தி எழுந்து, "யார் டீச்சர் அந்த வள்ளல்?" என்று கேட்டாள்.

"பேர் எதுக்கு? பரீட்சைக்கு வராது" என்றேன்.