சுவரில் ஒட்டிய குழாய்கள்

என் மகளின் அப்பாவுக்கு வணக்கத்துடன் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பாட்டுக்குப் பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் சிரிப்பதற்கு ஒரு செய்தி. நானும் பேத்தியும் படுக்கிற அறை தரைக்குக் கீழே இருக்கிறதல்லவா, அதன் சுவர் விரிசலில் தண்ணீர் கசிந்தது. கொத்தனார் வந்து விரிசல் நெடுகச் சின்னச் சின்னக் குழாய்களை ஒட்டிவிட்டுப் போனார். வேலை முடிந்தது, இவற்றை எடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்து, எல்லாவற்றையும் கரண்டிக் காம்பால் பெயர்த்துவிட்டு, சுவரை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து வைத்தேன். என் சுத்தம்தான் உங்களுக்குத் தெரியுமே.

மறுநாள் கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாட்டி, அது வழியாத்தானே விரிசலுக்குள்ள பசையை ஏத்தணும்!"

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க பிடுங்குவீங்கன்னு யாருக்குத் தெரியும்? இனிமே மழை விட்டு, சுவர் காஞ்சாத்தான் வேலை."

மாப்பிள்ளை, "விடுங்க அத்தை" என்றார். மகள் திட்டியிருந்தால் தேவலை. ஈரம் குழந்தைக்கு ஆகாது என்று தொட்டிலை மாடியில் தங்கள் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். மழையோ விடுகிற மாதிரி இல்லை. நான் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யாராவது இங்கே வந்தால் என் பழைய பருத்திப் புடவை இரண்டைக் கொடுத்தனுப்புங்கள். பேத்தி கீழே வந்ததும் அவளுக்கு விரிக்க வேண்டும்.

மேலே அழுகிறாள், போகிறேன். இல்லை, அவள் அம்மா தூக்கிவிட்டாள் போல. சத்தம் நின்றுவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி