சவுசவு கடலின் சூடு

சவுசவு
30-8-1987

அன்புள்ள ஸ்ரீநிதிக்கு, அம்மா அநேக ஆசிகளோடு எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். படிக்கப் போன அந்த டவுன்ஸ்வில்லில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது, தாமதத்துக்குத் தபால்காரர் காரணமில்லை, நான்தான். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பரபரப்பு என்று வைத்துக்கொள்.

மே மாதம் நம் தீவுகளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இங்கே வாரத்துக்கொரு இந்தியர் வீடு காலியாகிறது. கணக்கு எடுக்கும் சுஷீலா டீச்சர் வான்கூவர் போய்விட்டாள், அவள் வகுப்பும் இப்போது என் தலையில். அப்பாவும் ஆக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மனுப் போட்டிருக்கிறார், வந்தால் வரட்டும். மழையே இல்லை, ரராவாய்ப் பக்கம் கரும்பு நின்றபடியே காய்கிறதாம். கிழக்கே பெரு நாட்டுப் பக்கம் கடல் சூடேறினால் நம் பக்கம் தண்ணீர் குளிர்ந்து மழை பொய்த்துவிடும், அதைத்தான் இத்தனை தேசத்து விஞ்ஞானிகள் கூடிப் பத்து வருஷம் அளக்கப்போகிறார்கள் என்று நீ எழுதியதை என் வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு வாளி கடல்நீர் அள்ளித் தெர்மாமீட்டர் வைத்துக் குறித்து அனுப்பச் சொன்னாய் இல்லையா, பிசிக்ஸ் படித்தவளுக்கு இது என்ன பிரமாதம் என்று ஜம்பமாகக் கிளம்பினேன். முதல் நாளே துறைமுகத்தில் காவல் நின்ற சிப்பாய் வாளியையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இங்கே நிற்கவேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். பயந்துபோய், வெந்நீர் ஊற்றுக்குக் கீழே இருக்கிற கரைக்குப் போனேன், அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நாற்பது நாள் அங்கேயே அளந்தேன், எப்போதும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது. முதல் இருபது நாள் கணக்கைப் பார்த்துவிட்டு நீ எழுதினாய், மற்ற தீவெல்லாம் குளிர்ச்சி காட்டும்போது சவுசவு மட்டும் சுடுகிறது, புரொபசர் அசந்துபோனார், மீதியும் இப்படியே வந்தால் பூமத்திய ரேகைக்கு மிதவை போடப் போகிற கப்பலில் எனக்குத்தான் இடம் என்று. ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். வேண்டாம், கப்பல் பெண்பிள்ளைக்கு ஆகாது என்று முன்பு இரண்டு கடிதத்தில் எழுதியவளும் நானேதான்!

அதற்கு மூன்றாம் நாள், கொப்பரைப் படகு ஓட்டும் பல்ராமின் மனைவி ஜான்கி ஊற்றில் வேகவைக்கக் கிழங்குப் பானையோடு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, அரே டீச்சர், அடுப்பு மேலே வெச்ச தண்ணிக்கா ஜுரம் பாக்குறீங்க என்று சிரித்தாள். ஊற்று மேலேதானே இருக்கிறது என்றேன். அந்தச் சூடு மணலுக்கு அடியிலே கடல்வரைக்கும் ஓடுதே, கடல் வத்துற நேரத்திலே காலு வெச்சா கொப்புளம் போடுமே, உங்க பட்டணத்துப் படிப்பிலே இது வரலையா என்றாள். மணலில் கையை விட்டேன். சுட்டது கை மட்டுமில்லை.

மறுநாளே பல்ராமின் படகில் ஏறினேன். ஆமாம், நானேதான், குளியல் தொட்டியைக் கண்டாலே ஒதுங்குகிறவள். எழுந்து நிக்காதீங்க டீச்சரம்மா, நீங்க விழுந்தா டாக்டர் சாப் என்னை மயக்கமருந்து இல்லாம அறுப்பாரு என்று அவன் கத்தக் கத்த, அரை மைல் தள்ளி வாளியை இறக்கினேன். கரையில் 29.2, அங்கே 25.4! அன்றைக்கிலிருந்து பதினான்கு நாள், தினம் இரண்டு வாளி, ஒன்று கரையில், ஒன்று வெளியே. வெளியே ஒரு நாள்கூட இருபத்தாறைத் தாண்டவில்லை. உன் மற்ற தீவுகள் சொல்வதைத்தான் நம் கடலும் சொல்கிறது ஸ்ரீநிதி! எங்கேயோ பெருவில் நடப்பதை என் வாளியில் பார்த்துவிட்டேன், படகிலேயே கை தட்டினேன். அப்பாவிடம் சொன்னால், இருபது வருஷமாக நோயாளிக்குத் தெர்மாமீட்டர் வைக்கிறேன், காப்பி குடித்த வாயில் ஒருநாளும் வைத்ததில்லை என்கிறார்.

இதோடு அந்தப் பதினான்கு நாள் கணக்கு எழுதிய புதுத் தாளும் இருக்கிறது. முந்தின நாற்பது நாளையும் கோடு போட்டு அடித்துவிடு, இது என் அம்மா செய்த தப்பு என்று புரொபசரிடம் நேராகச் சொல்லு. சவுசவு அதிசயமில்லை என்று தெரிந்தால் அந்த இடம் வேறு யாருக்காவது போகலாம், எனக்குத் தெரியும். கிழித்துப் போட்ட இரண்டு கடிதத்திலும் இதை எழுதத்தான் கை வரவில்லை. உன்னைத் தடுக்கத்தான் அம்மா இதைக் கண்டுபிடித்தாள் என்று நீ நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் பயம். அதனால் கப்பல் வேண்டாம் என்று முன்பு எழுதியதையும் இங்கேயே அடித்துவிடுகிறேன். இடம் கிடைத்தால் போய் வா. கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலுக்கு எழுதிப் போடு, அதற்கும் என் சம்மதம் இதுவே.

பகவான் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி நீ கொடுக்கவேண்டிய கட்டுரைக்குள் இந்தத் தாள் போய்ச் சேரவேண்டும், மறக்காதே. கப்பலில் வெறும் வயிற்றோடு நிற்காதே, சுக்குப்பொடி தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தா