சித்தப்பாவின் கை

ஞாயிறு, இரவு.

கபடி லீக்கில் கோப்பை வாங்கியதற்காகப் போடியில் இன்று எனக்குப் பாராட்டு விழா. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா பீற்றினார்: "அப்பன் இல்லாத பய. இவனுக்கு மூச்சடக்கப் பழக்குனதே நாந்தேன்!"

பழக்கினாராம்! சின்ன வயசில் குரங்கணி எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் என்னை அடித்துப் பூட்டுவார். அழுகைச் சத்தம் கேட்டால் இன்னும் அடி விழும். அதனால் அந்த வெக்கையில் 'கருப்பா, கருப்பா' என்று ஒரே மூச்சில் முணுமுணுத்துக்கொண்டே கிடப்பேன். கருப்பசாமி கொடுத்த அந்த மூச்சைத்தான் வருசக்கணக்காகப் பழகி இன்று ரெய்டு போகிறேன்.

போட்டோவுக்காக என் தோளில் கை போட்டார். மணிக்கட்டைப் பிடித்து விலக்கினேன். "விடுடா அப்பு, வலிக்குது" என்று முனகினார்.

பள்ளிக்கூட டீமில்கூட ஒரு பிடிக்குத் தாங்காத கை. சீ, இந்தக் கைக்கா இத்தனை வருசம் பயந்தேன்.